தோளில் விழுந்த ஒரு சொட்டு

புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சட்டம், விதி, படிவம் எல்லாம் பரீட்சைக்குப் படித்து என்னைவிட நன்றாகவே தெரிந்து வைத்திருப்பீர்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. தகுதிச் சான்றுக்கு, அதாவது எல்லாரும் சொல்கிற எஃப்.சி.க்கு, வருகிற வண்டி எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்கு ஒரு வீடு எப்படி இருக்கும்? கிழிந்த பாய் பரணுக்குப் போயிருக்கும், பக்கத்து வீட்டு நாற்காலி நடு ஹாலுக்கு வந்திருக்கும், குடிகாரச் சித்தப்பாவைக் காலையிலேயே எங்காவது அனுப்பியிருப்பார்கள். எஃப்.சி. வண்டியும் அப்படித்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது யோக்கியமாக இருக்கும், அந்த ஒரு நாள்தான் நீங்கள் அதைப் பார்ப்பீர்கள்.

முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பெயரெல்லாம் ஆர்டரில்தான். டிரைவர்களுக்கு நாம் எல்லாரும் பிரேக் இன்ஸ்பெக்டர். பெண்ணாக இருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டரம்மா. ஆரம்பத்தில் வண்டியைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்திவிட்டு என்னிடமே வந்து, "சார் எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். "சார் இப்ப குழிக்குள்ள எறங்கப் போறாரு, டார்ச்சக் கொஞ்சம் புடிங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வெட்டியிருக்கிற குழிக்குள் நான் இறங்குவேன். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சம்பளத்தை விட அது பெரிய சந்தோஷம்.

பழைய வேன் என்றால் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கே சீக்கிரம் பழகிவிடும். கைபிரேக் பெயருக்குத்தான் இருக்கும். ஹெட்லைட் ஒன்று ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று புளியமரத்தைப் பார்க்கும். வைப்பர் ஒரு தடவை போய்விட்டு, திரும்பி வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும். ஸ்டீயரிங்கைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். அவசர வழிக் கதவைத் திறக்கச் சொன்னால் டிரைவர் கயிற்றை அவிழ்க்கப் போவார். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறை. இதை எழுதித் திருப்பி அனுப்ப நீங்கள் வேண்டாம், ஒரு பட்டியல் போதும்.

எனக்கு அதைவிட ஆசையாக இருந்தது இரவல் சாமான்களைக் கண்டுபிடிப்பதுதான். எஃப்.சி.க்கு ஒரு நாள் மட்டும் இரவல் வாங்கி மாட்டுகிற டயர், தீயணைக்கும் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி. ஒருமுறை ஒரு முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் யாருக்கும் தெரியாமல் என் நகப்பாலீஷில் ஒரு புள்ளி வைத்தேன். அந்த மாதத்தில் அதே புள்ளி ஏழு வண்டியில் வந்தது. ஏழாவது டிரைவரிடம், "இந்தப் பெட்டிக்கு நான் தனியா பெர்மிட் குடுக்கணும்போல இருக்கே, உங்க வண்டிய விட ஜாஸ்தி ஓடுது" என்றேன். மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து என்னை ஏமாற்ற முடியாது என்று ஊர் பேச ஆரம்பித்தது. ஊர் பேசியதில் தப்பில்லை. அதை நானும் நம்பினேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

ஓய்வு பெற நாலைந்து வருஷம் இருந்தபோது அஞ்சலையின் வேன் வந்தது. அஞ்சலை கடலூர்ப் பக்கத்து மீனவ கிராமத்துப் பெண். ஐம்பது வயதிருக்கும். அவளும் இன்னும் பதிமூன்று பெண்களும் சேர்ந்து அந்த வேனை வைத்திருந்தார்கள். வண்டி அவள் பேரில். விடியற்காலை துறைமுகத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸோடு போட்டு, பதினாலு பேரும் அந்த வேனில் ஏறிச் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அவளுடைய கொழுந்தன் கலியமூர்த்தி டிரைவர். பஸ்ஸில் கூடையோடு ஏறினால் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கிவிட்ட காலமெல்லாம் பார்த்தவர்கள். அந்த வேன்தான் அவர்களுக்கு எல்லாமும்.

முதல் தடவை கலியமூர்த்தி மட்டும் கொண்டுவந்தான். வண்டிக்குப் பதினாறு வயது. மேலே புது வெள்ளை பெயிண்ட், அடியில் புது கறுப்பு பெயிண்ட், உள்ளே தரை முழுக்கப் புது ரெக்சின். பின்னால் இருந்த இரண்டு டயரும் பளபள. ஒன்றில் பக்கவாட்டில் பிறை மாதிரி ஒரு வெட்டு. போன வாரம் ஒரு கோயில் யாத்திரை வேனில் அதே பிறையைப் பார்த்தவள் நான்.

"ஏம்ப்பா, இந்த டயர் போன வாரந்தான் கோயிலுக்குப் போயிட்டு வந்துது. அதுக்குள்ள மீன் வாங்கப் போவுதா?" என்றேன்.

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தான். "மேடம், ஒரு நாளுதான்னு குடுத்தாரு..." என்றான். உண்மையைச் சொல்லிவிட்டானே என்று எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் டயர், கைபிரேக், வலது ஹெட்லைட் மூன்றையும் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அஞ்சலையே கூட வந்தாள். சொந்த டயர், பில் கையில். கைபிரேக் சரி. விளக்கு சரி. "என்னைய நீ டயரு வாங்க வச்சிட்ட. நல்லதுதான், போ" என்றாள் முறைத்துக்கொண்டே. எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்ப வருகிற வண்டியில் என்ன செய்வோம்? போன தடவை எழுதிய குறையைத்தான் முதலில் பார்ப்போம். அது சரியாக இருந்தால் மனசு பாதி கையெழுத்தைப் போட்டுவிடும். இருந்தாலும் குழிக்குள் இறங்கினேன். பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாயை முன்னாலிருந்து பின்னால் வரை விரலால் தடவிப் பார்த்தேன். கறுப்பு பெயிண்டில் வழவழப்பாக இருந்தது. அப்போது வலது தோளில் மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கழுவிக் கொண்டுவந்திருக்கிறார்கள், சொட்டுகிறது என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டேன். பிறகு கலியமூர்த்தி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் பார்த்தேன். காலி வண்டி நேராக நின்றது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அஞ்சலை அந்தத் தாளை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

ஆபீஸ் கடலூரில், என் வீடு சிதம்பரத்தில். தினமும் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி வீட்டுக்குப் போவேன். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள், எழுந்து வேறு இடம் போய்விட்டாள். நெற்றியில் நாமம் போட்ட அம்மாள். புரட்டாசி மாதம் வேறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "என்ன இது, வஞ்சிரம் வாசனை வருது? கடலூர்ல என்ன சாப்ட்ட, உண்மையச் சொல்லு" என்றார். பதினைந்து நாளாகக் கத்திரிக்காயும் வாழைக்காயும் தின்று நொந்துபோன மனுஷன். கோபத்தைவிட அந்தக் குரலில் ஏக்கம்தான் ஜாஸ்தியாக இருந்தது.

"தயிர் சாதம் சாப்ட்டேன். உங்க மூக்கு இப்பவே ஐப்பசியக் கனவு காணுது" என்று சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையை ஊறவைக்க எடுத்தேன். வலது தோளில் வட்டமாக ஒரு கறை. காய்ந்து, ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. முகர்ந்தேன். மீன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"சீ, என்னடி பண்ற!" என்றார் அவர்.

"இருங்க, யோசிக்க விடுங்க" என்றேன்.

இது என்ன கூத்து என்றுதான் முதலில் தோன்றியது. பைப் தண்ணீரில் கழுவின வண்டி. சொட்டினால் பைப் தண்ணீர்தானே சொட்டவேண்டும்? மீன் தண்ணீர் எங்கே இருந்தது? கூடை வைப்பது வண்டிக்குள்ளே. நான் நின்றது வண்டிக்குக் கீழே. நடுவில் இரும்புத் தரை, அதன் மேல் புது ரெக்சின். இரண்டையும் தாண்டி அந்தத் தண்ணீர் என் தோளுக்கு எப்படி வந்தது? வழி இருந்தால்தான் வரும். அப்படியென்றால் தரையில் ஓட்டை இருக்கிறது. ஓரங்களில் கசிந்து ரெக்சினுக்கு அடியில் தேங்கிக் கிடந்த பழைய ஐஸ் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. சரி, ஓட்டைத் தரை பெரிய குற்றமில்லை, ஒட்டு வைத்தால் போயிற்று என்று சட்டையை வாளியில் அமுக்கினேன்.

அமுக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சொட்டு விழுந்தபோது நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன்? பிரேக் குழாய்க்கு நேர் கீழே. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் உப்புத் தண்ணீர் அந்தக் குழாயின் முதுகில்தான் சொட்டியிருக்கிறது. நான் தடவிப் பார்த்தது அதன் வயிற்றை. பெயிண்ட் அடித்தவனும் கீழிருந்துதான் அடித்திருப்பான். துரு மேலே உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, அவனுக்கும் தெரிந்திருக்காது.

பயம் என்றால் அதுதான் பயம். காலி வண்டியில் மெதுவாக மிதித்தால் நிற்கும். பதினாலு பெண்கள், பதினாலு கூடை, ஐஸ், எதிரே ஒரு லாரி, கலியமூர்த்தி உயிர் போகிற மாதிரி மிதித்தால்? அப்போதுதான் குழாய்க்கு உண்மையான அழுத்தம் வரும். அப்போதுதான் அது பிளக்கும். அஞ்சலையின் போன் நம்பர் கோப்பில் இருக்கிறது, கோப்பு பீரோவில் இருக்கிறது, நாளைக்குச் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. கிளார்க்குக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். வேன் எப்படியும் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் புடவையைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட் வாசலில் போய் நின்றேன். புரட்டாசிச் சனிக்கிழமை. மீன் பக்கத்தில் ஆட்களை விடப் பூனைகள் ஜாஸ்தி. நண்டு விற்கிற ஒரு பெண்ணிடம், "அஞ்சலை வேன் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"ஆறேகாலுக்கு டான்னு வந்துரும்" என்றாள். "இந்த மாசத்துல பாதிப் பேருதான் இங்க எறங்குவாங்க. மீதி அப்பிடியே லால்பேட்டைக்குப் போயிரும். பாய்மாரு ஊருல புரட்டாசி ஏது? நல்லா ஓடும்."

ஆறேகால் ஆயிற்று. வரவில்லை. ஆறரை. வரவில்லை. கடலூர் ரோட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு வெள்ளை வண்டிக்கும் எட்டிப் பார்த்தேன். புதுச்சத்திரம் தாண்டி வருகிற வளைவு, வெள்ளாற்றுப் பாலம் என்று ரோடு முழுவதும் மனசுக்குள் ஓடியது. ஆறே முக்காலுக்கு ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அது ஆஸ்பத்திரிப் பக்கம் போயிற்று. நண்டுக்காரி என்னைப் பார்த்து, "ஏம்மா, உனக்கு மயக்கமா வருதா? குந்து இப்பிடி" என்று ஒரு பலகையைத் தள்ளினாள். நான் உட்காரவில்லை. நேற்று என் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தப் பெண்பிள்ளையின் முகம்தான் வந்து வந்து போயிற்று.

ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேன் வந்தது. உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம். ஆலப்பாக்கத்தில் வடை சூடாகப் போட்டான் என்று நிறுத்திச் சாப்பிட்டிருக்கிறார்கள்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆறு பேர் கூடையோடு இறங்கினார்கள். எட்டுப் பேர் லால்பேட்டைக்கு என்று உள்ளேயே இருந்தார்கள். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். ராத்திரி முழுக்க எதற்காகப் பயந்தேனோ, அதைச் சொல்லத்தானே போனேன்? வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "திடீர் சோதனை. மேலேர்ந்து உத்தரவு" என்றேன். எந்த மேலே? என்ன உத்தரவு? நேற்று நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது வெளியே வராமல் வேலையை முடித்துவிடலாம் என்று என் புத்தி எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தது. எனக்கே தெரியாமல்.

கலியமூர்த்தியை இன்ஜினை அணைக்காமல் பிரேக்கை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். பெடல் கெட்டியாக நின்றது. "இன்னும் அழுத்து." அழுத்தினான். நின்றது.

உள்ளேயிருந்து ஒருத்தி, "யம்மா, அவன் பிரேக்க அழுத்துறதுக்குள்ள எங்க மீனு செத்துப்போயிரும்!" என்றாள். செத்த மீன் மறுபடி சாகுமா என்று இன்னொருத்தி கேட்டாள். மார்க்கெட்டே சிரித்தது.

அஞ்சலை சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கிக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "காக்கி இல்லாம, லீவு நாள்ல, தனியா வந்து நிக்கிற. புரிஞ்சிது" என்றாள். கூடையிலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்துப் பனையோலையில் சுற்றி என் கையில் திணித்தாள். "வூட்டுக்கு எடுத்துப் போ. ரோட்டுல வச்சிப் பேசாத. நேத்திக்கே கேட்ருந்தா குடுத்திருப்பேன்ல?"

சர்வீஸில் ஒரு டீ கூடக் கைநீட்டி வாங்காதவள் நான். அந்த மீனின் கனம் கையில் இறங்கியபோது செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனால் அவளைக் கோபிக்க என்ன இருக்கிறது? ஒளித்துப் பேசுகிற அதிகாரியிடம் வேறு எப்படிப் பேசுவார்கள்?

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். சந்தேகம் மட்டும்தான் இருக்கும், ஆதாரம் இருக்காது. சோதனை இரண்டு தடவையும் சரியென்று சொல்லியாயிற்று. தாளும் சரியாக இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பேசாமல் வீட்டுக்குப் போனால் ஒருத்தரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. போய்விடலாம் என்றுதான் ஒரு காலை எடுத்தும் வைத்தேன். ஆனால் அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்கிற கேள்வி தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அதற்கு விடை தெரியாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு என்னை நிறுத்தி வைத்தது கடமை என்று சொன்னால் பொய். அந்தக் குடைச்சல்தான்.

மீனைத் திரும்பக் கூடையில் போட்டேன். "அஞ்சலம்மா, எனக்கு இது வேணாம். அந்த ரெக்சினத் தூக்கிக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

"அது பசை போட்டு ஒட்டுனது. தூக்குனா கிழிஞ்சிரும். இப்பதான போட்டோம்!"

"கிழியட்டும்."

"நீ என்னா லேசா சொல்லுற? டயருன்ன, வாங்குனேன். இப்ப இதுவா? நாங்க லால்பேட்டைக்கு எட்டு மணிக்குள்ள போவணும். ஒரு வூட்டுல விசேஷம். வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்." அவள் குரல் ஏறிவிட்டது. இறங்கியவர்களும் கூடையை வைத்துவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "அந்த ரெக்சினுக்குக் கீழேர்ந்து நேத்து என் தோள்ல மீன் தண்ணி சொட்டுச்சு" என்றேன். "அது எங்க சொட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். அங்கதான் பிரேக் பைப்பு போவுது."

மீன்காரிக்குத் தண்ணீர் எங்கே இறங்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அஞ்சலையே வேனுக்குள் ஏறினாள். "எல்லாரும் எறங்குங்கடி" என்றாள். இடுப்பிலிருந்த மீன் கத்தியை எடுத்து, மூன்றாவது சீட்டுக்குப் பக்கத்தில் ரெக்சினில் குத்தி ஒரே இழுப்பாக இழுத்தாள். அடியில் கறுப்புத் தண்ணீர். அதற்கும் அடியில் தரை அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. உள்ளங்கை நுழைகிற மாதிரி ஓட்டை. கீழிருந்து அடித்த கறுப்பு பெயிண்ட் ரெக்சினின் அடிப்பக்கத்திலும் பட்டிருந்ததால், குழியிலிருந்து பார்த்தபோது அது தரையாகவே தெரிந்திருக்கிறது.

நான் கையை விட்டேன். குழாயின் மேல்பக்கம் விரலில் பட்டது. வயிற்றுப் பக்கம் நேற்றுத் தடவிய அதே குழாய்தான். முதுகில் தோல் உரிந்து, பொடிப்பொடியாக என் நகத்தோடு வந்தது. கையை எடுத்துக்கொண்டு, "கலியமூர்த்தி, குறுக்க ஒரு கொழந்த வந்துட்டுதுன்னு நெனச்சிக்க. உன் பலம் மொத்தத்தையும் வச்சி மிதி" என்றேன்.

மிதித்தான். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஓட்டை வழியாக ஆயில் பீய்ச்சி அஞ்சலையின் புடவையில் அடித்தது.

"அண்ணி..." என்றான் கலியமூர்த்தி. "காலு அடி வரைக்கும் போயிட்டுது அண்ணி. ஒண்ணுமே இல்ல."

ரோட்டில் இது நடந்திருந்தால் முன்சக்கரம் மட்டும் ஏதோ அரைகுறையாகப் பிடித்திருக்கும். அந்தப் பாரத்துக்கு அது எந்த மூலைக்கு? மார்க்கெட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. செத்த மீன் பற்றிக் கேட்டவள் தன் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அஞ்சலை வேனிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையால் ஆயிலைத் துடைத்தாள். என் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள். "நேத்து நீ பாத்தப்ப இது இப்பிடி இல்லியா?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. நல்ல பதில். ரெக்சின் போட்டு மூடியது நீங்கள், பெயிண்ட் அடித்தது நீங்கள், நான் என்ன செய்வேன்? ஒரு வார்த்தை பொய்யில்லை. விதிப்படியும் சரி. திங்கட்கிழமை ஆபீஸில் என் மேலதிகாரியும் அதைத்தான் சொன்னார். சாலையோரச் சோதனையில் கண்டுபிடித்ததாக எழுதிவிடுங்கள், சான்றை ரத்து செய்துவிடலாம், உங்களுக்கும் ஒரு பாராட்டுக் குறிப்பு வரும் என்றார். நல்ல மனிதர். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அவர் சொன்னபடி எழுத என்னால் முடியாமல் போனது, சனிக்கிழமையே மார்க்கெட்டில் பதினாலு பேருக்கு முன்னால் நான் வாயைத் திறந்துவிட்டதால்தான்.

"இருந்துது அஞ்சலம்மா" என்றேன். "நேத்தும் இப்பிடித்தான் இருந்துது. நான்தான் பாக்கல. திடீர் சோதனைன்னு சொன்னதும் பொய்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினாள். "பாக்கலியா? பாக்கலன்னு இவ்ளோ சுளுவா சொல்ற? இதுல என் தங்கச்சி வர்றா. அவளுக்கு நாலு புள்ளைங்க. தோ நிக்கிறாளே, அவ மூணு மாசம் முழுவாம இருக்கா. உன் கையெழுத்த நம்பித்தானடி நாங்க சிரிச்சிக்கிட்டு வந்தோம்!" அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மார்க்கெட் வாசலில் பூனைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை, தேற்றவும் கூடாது.

கத்தி முடித்ததும் அவள் முன்பக்கம் போய், டிரைவர் சீட்டுக்கு மேலே செருகி வைத்திருந்த தாளை உருவிக்கொண்டு வந்தாள். நேற்று நான் கொடுத்த சான்று. ஆயிலும் மீனும் பட்ட கையாலேயே என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பி, எட்டுப் பேர் கூடையையும் லோடு ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள். லால்பேட்டைக்கு லேட்டாகும் என்று யாருக்கோ போன் செய்தாள். கலியமூர்த்தியிடம், வண்டியை ஒரு அடி நகர்த்தக் கூடாது, மெக்கானிக்கை இங்கேயே கூட்டி வா என்றாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் வந்தாள்.

"மறுபடி எப்ப கொண்டாரணும்?"

"பைப்பும் தரையும் மாத்திட்டு எப்ப வேணா கொண்டாங்க" என்றேன். பிறகு, அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று, "வேற இன்ஸ்பெக்டர் பாக்கட்டும். நான் சொல்லி வைக்கிறேன்" என்றேன்.

"எதுக்கு வேற ஆளு?" என்றாள் அஞ்சலை. "பதினாறு வருசமா எத்தினி பேரு பாத்தாங்க இந்த வண்டிய. ஒருத்தராச்சும் பாக்கலன்னு வந்து சொன்னாங்களா? நீயே பாரு."